கம்பெனிக்குப் போன சீர்வரிசை

ஏனுங்க, அந்த டப்பாவைக் காலுக்கடியில வெச்சுக்குங்க. மடியில வெச்சிட்டு வந்தா அன்னூர் தாண்டறதுக்குள்ள தொடை மரத்துப் போயிரும். உள்ள கல்லு இருக்குதில்ல. நீங்க சத்தியமங்கலத்துக்குங்களா? நான் புளியம்பட்டியில எறங்கிக்குவேன். சன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது.

பொன்வேணியுங்களா? டப்பாவுல மயில் படத்தைப் பாத்ததுமே நெனச்சேன். நல்ல கிரைண்டருங்க. தைரியமா ஆட்டுங்க, நான் சொல்றேன். அந்தக் கம்பெனி மொதலாளியை அவிய வாசல்லயே, எரநூறு பேரு பாக்க, மோளம் அடிச்சு நிக்க வெச்சவ நாந்தானுங்க. என்னத்துக்கு அப்படிப் பாக்கறீங்க? போன்ல பாத்திருப்பீங்களே. பச்சைச் சீலை கட்டிட்டு, மைக்கைப் புடிச்சிட்டு ஒரு பொம்பளை பேசுமே. அது நான்தான். சுலோச்சனா. கணபதியில மாவுக்கடை வெச்சிருக்கறேன், இட்லி மாவு.

சண்டைக்காரின்னு நெனச்சுக்காதீங்க. அந்தக் கம்பெனி மேல எனக்கு இருக்கற பிரியம் அவிய சொந்தக்காரங்களுக்குக் கூட இருக்காது. பத்தொம்பது வருசமுங்க. அவிய கிரைண்டர் ஒண்ணை வாங்கித்தான் கடையே ஆரம்பிச்சேன். ஒரு நாளைக்கு எட்டு ஈடு ஆட்டுவேன். ஒரு நாள் நின்னதில்லை. கரண்ட் போனா நிக்கும், அது அதும்மேல தப்பா? சரஸ்வதி பூசைக்கு எங்க ஊட்ல மொதப் பொட்டு அதுக்குத்தான். எங்கூட்டுக்காரரு கேலி பேசுவாரு, "எனக்கு ஒரு வெத்தலை மடிச்சுக் குடுத்ததில்லை, கிரைண்டருக்கு மாலை போடறா பாரு"ன்னு. போடுவேன். அது சம்பாரிச்சுக் குடுத்துது, இவரு பென்சன் வாங்கிட்டு உக்காந்திருக்கறாரு.

எங்க வீதியில யாரு கிரைண்டர் வாங்கறதா இருந்தாலும் மொதல்ல எங்கடைக்குத்தான் வருவாங்க. சுலோச்சனாக்கா, எது வாங்கலாம்? பொன்வேணி வாங்கு. அவ்வளவுதான் பேச்சு. அப்படி பதினெட்டு ஊட்ல வாங்க வெச்சிருக்கறேன். நம்ம பக்கம் புள்ளையக் கட்டிக் குடுத்தா சீர்ல கிரைண்டர் வெக்காம அனுப்புவமுங்களா? கட்டில் பீரோ முன்னப் பின்ன இருந்தாலும் இருக்கும், கிரைண்டர் இல்லீனா மாப்பிள்ளை ஊட்ல மூஞ்சி சுண்டிப் போகும். அந்தச் சீர்க் கிரைண்டரெல்லாம் நான் கைகாட்டுனதுதான். கம்பெனி எனக்கு ஒரு பொட்டுக் கமிசன் குடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. வருசப் பொறப்புக்கு டீலர் மயில்சாமி ஒரு காலண்டர் குடுப்பாப்ல. அதுவே எனக்குப் பெருமை.

துளசிமணி புள்ளைக்கும் நான் சொல்லித்தான் வாங்குனாங்க. துளசிமணி யாருன்னா, எதுத்த ஊட்டுக்காரி. இருவத்திரெண்டு வருசப் பழக்கம். அவ ஊட்டுச் சாவி எங்கிட்ட இருக்கும், எங்கூட்டுச் சாவி அவகிட்ட இருக்கும். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப ஒம்பது நாளு ஆஸ்பத்திரியில தரையில படுத்துக் கெடந்தவ. அவ எங்கூட நல்லபடியாப் பேசி இன்னைக்கோட நாலு மாசமாச்சு. அதுக்கு ஒரு வழி பண்ணத்தான் இப்பப் புளியம்பட்டி போயிட்டிருக்கறேன். இருங்க, மொதல்ல இருந்து சொல்லீர்றேன். எறங்கறதுக்கு நேரம் கெடக்குது.

கிரைண்டர்ல கல்லைப் புடிச்சு நிறுத்த ஒரு கொக்கி இருக்கும் பாருங்க. அண்டா சுத்தோணும், கல்லு நின்ன எடத்துல நிக்கோணும். அப்பத்தான் மாவு அரையும். அந்தக் கொக்கியைப் பழைய மாடல்ல இரும்புல போட்டிருந்தாங்க. புது மாடல்ல பிளாஸ்டிக் பண்ணிப்போட்டாங்க. பாக்க அழகா, செவப்புக் கலர்ல. நானும் கடையில பாத்தேன். பாத்துட்டு, பொன்வேணிக்காரங்க செஞ்சா ஒரு ரோசனையோடத்தான் செஞ்சிருப்பாங்கன்னு பேசாம வந்துட்டேன். என் தப்பு அதுதானுங்க. அன்னைக்கே கேட்டிருக்கோணும்.

ஆறு மாசத்துல ஒவ்வொருத்தியா வர ஆரம்பிச்சாங்க. அக்கா, கொக்கி ஒடஞ்சு போச்சு. அக்கா, கல்லும் சேந்து சுத்துது, உளுந்து முழுசு முழுசா அப்படியே கெடக்குது. எங்க வர்றாங்க? கம்பெனிக்கு இல்லீங்க, எங்கடைக்கு. கம்பெனி யாருன்னு அவியளுக்கு என்ன தெரியும், அவியளுக்குக் கம்பெனியே நாந்தான். ஒருத்தி ஒடஞ்ச கொக்கியைக் கொண்டாந்து என் மாவு அண்டா மேல வெச்சுட்டு, "இந்தாங்க, உங்க பொன்வேணி"ன்னு சொல்லிப்போட்டுப் போனா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலைங்க.

அந்த ஆடிக்குச் சிந்துஜா அம்மா ஊட்டுக்கு வந்திருந்தா. துளசிமணி மக. சித்திரையில கல்யாணம், புளியம்பட்டிக்குப் பக்கத்துல காராப்பாளையத்துல குடுத்திருக்குது. மாவு வாங்கற சாக்குல எங்கடைக்கு வந்து நின்னா. ஆளில்லாத நேரம் பாத்து அழுதா. நாப்பதே நாள்ல கொக்கி ஒடஞ்சு போச்சாம். மாமியாக்காரி, கருணாம்பான்னு பேரு, ஒறம்பரை சொந்தமெல்லாம் வந்திருக்கறப்ப, "சீர்ல கிரைண்டர் குடுத்தாங்க, ஆட்டறதுக்கு ஆளு நாமதான் வெச்சுக்கோணும்"னு சொல்லிச் சிரிச்சிருக்குது. இந்தப் புள்ளை எங்கிட்ட, "அம்மாவுக்குத் தெரிய வேண்டாங்க பெரீம்மா, சங்கடப்படும், புதுக் கொக்கி மட்டும் வாங்கிக் குடுங்க"ங்குது. கொக்கியைக் கைக்குட்டையில சுத்திக் கொண்டாந்திருந்தா.

எனக்கு எப்படி இருக்கும்? என் வாய் வார்த்தையை நம்பித்தான துளசிமணி கேட்டு வாங்குனா? அந்தப் புள்ளை போற எடத்துல தலை குனிஞ்சு நிக்கறதுக்கா நான் கைகாட்டி விட்டேன்?

மயில்சாமிகிட்டப் போனேன். அவன் கதவைச் சாத்தி உள்ள உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்து, "அக்கா, ஒடையறது எங்களுக்கும் தெரியும். நீங்களே வெளிய சொன்னா எப்படி? நீங்க நம்ம கம்பெனி ஆளு. உங்க வாயில வந்துதுன்னா எதிர்க் கம்பெனிக்காரன் போஸ்டர் அடிச்சு ஒட்டிருவான்"ங்கறான். நான் கேட்டேன், "நான் நல்லது சொன்னப்ப எல்லாம் கதவைச் சாத்திட்டா சொன்னேன்?" டீயைக் குடிச்சுப் போட்டு வந்துட்டேன். நல்ல டீ, சும்மா சொல்லக் கூடாது.

கம்பெனிக்கு ஏழு தடவை போனனுங்க. எங்க ஊட்ல இருந்து நடந்து போற தூரம்தான். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சு, "போன் பண்ணிச் சொல்லுங்கம்மா"ங்கறான். போன் பண்ணுனா பாட்டுப் பாடுது. ஒன்ன அமுக்கு, ரெண்ட அமுக்குங்குது. அமுக்கி அமுக்கி வெரல் தேஞ்சுது.

அப்பறம் வாட்சப்புல ஒரு குரூப் இருக்குதுங்க, 'பொன்வேணி குடும்பம்'னு. கம்பெனியே நடத்தறது. முந்நூறு பொம்பளைங்க இருப்போம். தோசைக்கு என்ன அளவு, பணியாரத்துக்கு என்ன பதம்னு போட்டுக்குவோம். நான் ஒடஞ்ச கொக்கியைப் படம் புடிச்சுப் போட்டேன். இதுக்கு ஒரு பதில் சொல்லுங்கன்னு எழுதுனேன். பத்து நிமிசத்துல ஒருத்தி, "குடும்ப விசயத்தை இப்படிப் பொதுவுல போடலாமா அக்கா?"ங்கறா. இன்னொருத்தி, "பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்குப் போங்க"ங்கறா. பாருங்க, எனக்குப் பிடிக்கலையாம். பிடிக்காதவ எதுக்குங்க ஏழு தடவை போயி நிக்கறா? பிடிக்காதவ பேசாம அடுத்த கடைக்குப் போயிருவா. பாலு தண்ணியா இருந்தா நாம பால்காரனை மாத்திப்போட்டுப் போறதில்லையா? சொந்தப் புள்ளை தப்புப் பண்ணுனாத்தான் ரோட்டுல நின்னாவது கத்துவோம். இதை அப்படியே டைப் பண்ணிட்டிருக்கறேன், பாதியில என்னைக் குரூப்ல இருந்து எடுத்துப் போட்டாங்க. பத்தொம்பது வருசமுங்க. அழுகை வந்துருச்சு எனக்கு.

அழுதுட்டு எந்திரிச்சு மூஞ்சி கழுவுனேன். சரி, குடும்பம்னு அவியதான சொன்னாங்க, குடும்ப மொறைப்படியே போவோம்னு முடிவு பண்ணுனேன்.

ஆவணியில கம்பெனிக்கு இருவத்தஞ்சாவது வருச விழா. வாசல்ல பந்தல், வாழைமரம், மேடை, எல்லாம் அமர்க்களப்படுது. நான் எங்க வீதியில ஒடஞ்ச கிரைண்டர் ஒம்பதைச் சேத்தேன். ஒரு குட்டியானை லோடு வண்டி புடிச்சேன். ஒவ்வொண்ணையும் தொடச்சு, மஞ்சள் குங்குமம் வெச்சு, பூச்சுத்தி, ஒடஞ்ச கொக்கியை மஞ்சக் கயித்துல கோத்து அதது கழுத்துல கட்டுனேன். சிந்துஜா கிரைண்டர் அவ மாமியார் ஊட்ல இருந்துது, அதனால அவ கொக்கியை மட்டும் ஒரு தாம்பாளத்துல வெத்தலை பாக்கோட வெச்சேன். மேல பட்டுத்துணி போட்டு மூடியாச்சு. பதினோரு தட்டு. பழம், தேங்கா, சக்கரை. கோயில்ல வாசிக்கற ரெண்டு பேரைக் கூப்புட்டு மோளம். வீதிப் பொம்பளைங்க பதினோரு பேரு தட்டைத் தூக்கிட்டு முன்னால நடக்கறோம், வண்டி பின்னால வருது. துளசிமணியும் கூப்பிட்ட ஒடனே ஒரு தட்டை எடுத்துட்டு வந்தா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலைங்க, நான் கூப்பிட்டா வருவா.

கேட்டுக்குப் போனமா? ஏழு தடவை என்னை வெரட்டுன அதே வாட்ச்மேன், சீரைப் பாத்ததும் சல்யூட் அடிச்சுக் கேட்டை அகலத் தொறந்து விடறான். பொன்வேணி வாங்குனவங்க விழாவுக்குச் சீர் கொண்டாந்திருக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டாங்க எல்லாரும். மொதலாளி சம்சாரம் ஓடிப் போயி ஆரத்தி கரைச்சுட்டு வந்து எங்களுக்குச் சுத்துது. நான் நிமுந்து நின்னு எடுத்துக்கிட்டேன். எடுக்கக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரரு பொறவு சொன்னாரு. நான் என்ன எதிரியா? எங்க கம்பெனிங்க அது.

மேடையில இருந்த ஆளு, "வாடிக்கையாளர்கள் சார்பாகச் சீர்வரிசையோடு வந்திருக்கும் சகோதரி இரண்டு வார்த்தை பேசுவார்"னு சொல்லி மைக்கை என் கையில குடுத்துட்டான். நான் கேக்கவே இல்லை. அவனாத்தான் குடுத்தான்.

பட்டுத்துணியை எடுத்தேன். "உங்கூட்டுப் புள்ளைங்கதான். நாங்க கொண்டுபோயி நல்லாத்தான் வெச்சிருந்தோம். நோவு கண்டிருக்குது, பொறந்த ஊட்ல வெச்சு வைத்தியம் பாத்து அனுப்புங்க"ன்னேன். கூட்டத்துல சிரிப்பு. அப்பறம் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டிப் பேரு சொன்னேன். இது இன்னாரு ஊட்டுது, இத்தனை நாள்ல ஒடஞ்சுது. இது இன்னாரு ஊட்டுது. கடைசியில தாம்பாளத்தைத் தூக்கிப் புடிச்சு, இது துளசிமணி மக சிந்துஜாவுக்குச் சீரா குடுத்தது, காராப்பாளையத்துக்கு, நாப்பது நாள்ல ஒடஞ்சுது, மாமியாரு கருணாம்பா ஒறம்பரை முன்னால இன்ன வார்த்தை சொல்லிச் சிரிச்சுது, அந்தப் புள்ளை எங்கடையில நின்னு அழுதுதுன்னு சொன்னேன். அதைக் கேட்டுத்தானுங்க கூட்டம் அப்படியே அமந்து போச்சு. எல்லாரும் போனைத் தூக்கிப் படம் புடிச்சிட்டிருக்கறாங்க.

மொதலாளி பேரு ஆறுச்சாமி. எழுவது வயசிருக்கும். எந்திரிச்சு வந்தாரு. "ஏம்மா, சீரைத் திருப்பிக் கொண்டாந்தா ஒறவு முறிஞ்சுதுன்னு அர்த்தமாச்சே. அப்படிப் பண்ணிட்டியே"ன்னாரு.

"முறிக்க வர்றவ மோளத்தோட வருவாளுங்களா? வழக்குப் போட்டிருப்பேன். இல்ல, பேசாமப் போயிருப்பேன்"ன்னேன்.

அவரு பையன் நவநீதன், அவன்தான் இப்ப எல்லாம் பாக்கறது, மைக்கைப் புடுங்க வந்தான். "இது திட்டம் போட்டு அவமானப்படுத்தறது, யாரு அனுப்புனது உன்னை?"ன்னான். நான் மைக்கை விடலை. "என்னை அனுப்புனது உங்க பழைய கிரைண்டர். எங்கூட்ல வந்து பாரு, இன்னைக்கு வரைக்கும் ஓடிட்டிருக்குது"ன்னேன். ஜனங்க கை தட்டுனாங்க. மெய்யாலுமே தட்டுனாங்க, வீடியோவுல கேக்கும்.

ஆறுச்சாமி தாம்பாளத்துல இருந்த கொக்கியை எடுத்து வெரல்ல வெச்சு ஒடிச்சுப் பாத்தாரு. மீதி இருந்ததும் பட்டுனு ஒடஞ்சுது. பையனைப் பாத்தாரு. எங்களைப் பாத்து, "சாப்புட்டுப் போங்க"ன்னு மட்டும் சொன்னாரு. சாப்புட்டோம். கேசரி, பொங்கல், வடை. வடைக்கு மாவு பதம் பத்தலை, அதையும் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

ஒன்றரை மாசத்துல எல்லா ஊட்டுக்கும் இரும்புக் கொக்கி வந்து மாட்டிக் குடுத்தாங்க. புது மாடலே இப்ப இரும்புதான். உங்க டப்பாவுல இருக்கறதும் அதுதான், அதனாலதான் தைரியமா ஆட்டுங்கன்னு சொன்னேன். மயில்சாமி வந்து என்னை மறுபடி குரூப்ல சேத்து விட்டான். ஒரு வெளம்பரத்துல வந்து பேசுங்கன்னும் கேட்டாங்க. மாட்டேன்னுட்டேன். நான் நல்லது சொன்னாலும் எஞ்சொந்த வாயிலதான் சொல்லுவேன், எழுதிக் குடுத்தெல்லாம் சொல்ல மாட்டேன்.

எல்லாம் செயிச்சாச்சு. துளசிமணிதான் பேசலை.

விழா முடிஞ்சு வர்றப்பவே தட்டை எங்கூட்டுத் திண்டுல வெச்சுட்டுப் பேசாமப் போயிட்டா. கால் வலியாக்கும்னு நெனச்சேன். மறுநாள் சாவியைக் குடுத்தனுப்பிட்டா, எங்கூட்டுச் சாவியை. அப்பறம் ஒரு நாளு, கடையில எட்டுப் பேரு மாவுக்கு நிக்கறப்ப வந்தா. எல்லாத்து முன்னாலயும் சொன்னா. "கம்பெனிக்காரன் ஒடஞ்ச கொக்கியை மாத்திக் குடுத்துட்டான் சுலோச்சனா. நீ எம்புள்ளை பேரை மைக்குல சொன்னியே. வீடியோ காராப்பாளையத்துல எல்லா ஊட்டுக்கும் போயிருச்சு. அவ மாமியா மூணு மாசமா அவகிட்ட ஒரு வார்த்தை பேசறதில்லை. ஊட்டு விசயத்தை வெளிய சொன்னவள்னு பேராயிப் போச்சு. அதை நீ எதைப் போட்டு மாத்துவ?"

எனக்கு ஒண்ணும் வாயில வரலைங்க. எனக்கு. மொதலாளி முன்னால வாய் ஓயாமப் பேசுன எனக்கு. கரண்டியைப் புடிச்சிட்டு அப்படியே நிக்கறேன், மாவு சீலையெல்லாம் வடியுது.

நான் சொன்னது பொய்யா? ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லலை. சிந்துஜாவுக்காகத்தான சொன்னேன். ஒம்பது கிரைண்டரைக் காட்டறப்ப சிரிச்சிட்டிருந்த கூட்டம், அந்தப் புள்ளை பேரைச் சொன்னப்பத்தான வாயை மூடுச்சு? அதைச் சொல்லாம இருந்திருந்தா கொக்கி மாறியிருக்குமா? நீங்களே சொல்லுங்க. ஆனா துளசிமணி சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குது, நான் இல்லைங்கலை. ராத்திரி படுத்தா அவ மொகந்தான் வந்து நிக்குது. எதுத்த ஊட்டுக் கதவு தொறக்கற சத்தம் கேட்டா எட்டிப் பாக்கறேன், அவ மொகத்தைத் திருப்பிக்கறா. கம்பெனிக்காரன் திட்டுனப்பக் கூட எனக்கு இப்படி வலிக்கலை.

எங்கூட்டுக்காரரு, "பேசாமப் போயி அவ காலைப் புடி, அந்தப் புள்ளையத் தனியாப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லு"ங்கறாரு. அவருக்கென்ன தெரியும். ஊரறியப் போன பேரை ஊட்டுக்குள்ள நின்னு திருப்ப முடியுமுங்களா? எரநூறு பேரு முன்னால சொன்னதை எரநூறு பேரு முன்னாலதான் சரி பண்ணோணும். அதுதான மொறை?

இன்னைக்குக் காராப்பாளையத்துல மாரியம்மன் நோம்பி. சுத்துப்பட்டு சனமெல்லாம் கூடும். கோயில் மைக்செட்டுக்காரப் பையன் நம்பரைப் புடிச்சு நேத்தே பேசிட்டேன், பொங்கல் வெக்கற நேரத்துல ரெண்டு நிமிசம் குடுக்கறேன்னுட்டான். துளசிமணிக்குத் தெரியாது. சிந்துஜாவுக்கும் தெரியாது. தெரிஞ்சா வேண்டாம்னுருவாங்க, கூச்சப்பட்ட சனம். தப்பு பூராவும் எம்மேல, அந்தப் புள்ளை தங்கமான புள்ளைன்னு அத்தனை பேரு காதுலயும் விழற மாதிரி சொல்லிப்போடறேன்.

அதா, புளியம்பட்டி வந்துருச்சு. என் பையை எடுத்துக் குடுங்க. சிந்துஜா பேரு, அவ அம்மா பேரு, மாமியா கருணாம்பா பேரு, கிரைண்டர் ஒடஞ்சது, அவ அழுதது, எல்லாத்தையும் மொதல்ல இருந்து வெவரமாச் சொல்லித்தான் மன்னிப்புக் கேக்கோணும். இல்லீனா யாருகிட்ட எதுக்குக் கேக்கறேன்னு சனத்துக்கு எப்படிங்க புரியும்?